வரப்பில் நின்றவள்

இரவு இரண்டு மணியைத் தாண்டியிருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் ரோடு. இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு விளக்குகூட இல்லை. கண்ணாயிரம் என்று ஒரு ஆட்டோக்காரர் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ரோட்டோரம் ஒரு ஸ்கூட்டி நிற்கிறது. ஹெட்லைட் எரிகிறது. வண்டியில் ஆள் இல்லை...

யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்று நினைத்து இறங்கியிருக்கிறார். வெளிச்சம் போய் விழுகிற இடத்தில், கொல்லை நடுவே, ஒரு பெண் குப்புறப் படுத்திருக்கிறாள். நைட்டி, மேலே ஒரு துண்டு. ஒரு காதைத் தரையோடு வைத்து அழுத்தியிருக்கிறாள். செத்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். கிட்டே போனதும், தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அண்ணா... உங்களுக்கு இன்ஜின் சத்தம் கேக்குதா?"

ஆதவா, அந்த டார்ச்சை என் முகத்தில் அடிக்காதே. அணைத்துவிடு. கரண்ட் வரும்போது வரட்டும். நீ எங்கிருந்தோ தேடி எடுத்து வந்த அந்தப் பேய்ப் படம் பாதியில் நின்றது நல்லதுதான். யாரும் பார்க்காத பழைய படத்தை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன பயம் என்று கவிநிலா கேட்டாளே, அதற்காகத்தான் சொல்கிறேன். எல்லாரும் கிட்டே வந்து உட்காருங்கள்.

அந்தக் கொல்லையில் படுத்திருந்தவள் பெயர் அருணாதேவி. என்னோடு ஸ்கூலில் வேலை பார்க்கும் வேதாவின் அண்ணி. வேதா இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

வேதாவின் அண்ணன் மணிவேலுக்கு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. வீடு வேங்கிக்காலில். அவனுக்கு ஒரு பைத்தியம். பெரிய நடிகர்கள் படம் பார்க்க மாட்டான். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத படம், போஸ்டர் ஒட்டிய ஈரம் காய்வதற்குள் தூக்கிவிட்ட படம், கராத்தே படம், பேய்ப் படம், எவனோ டப்பிங் செய்து விட்ட பாம்புப் படம்... இவைதான் வேண்டும். இன்டர்நெட்டில் கிடைத்தவற்றையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, பழைய வீடியோ கேசட் தேட ஆரம்பித்தான். எங்கிருந்தோ கேசட் ஓட்டுகிற ஒரு டெக் வாங்கி வந்து, அவனே பிரித்து, அவனே சரிசெய்து, டிவியோடு இணைத்துவிட்டான்.

அருணாவும் அவனுக்குச் சளைத்தவள் இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நாள் முழுவதும் ஊசியும் ரத்தமுமாக இருப்பவள், பேய்ப் படத்தில் ரத்தம் வந்தால் சிரிப்பாள். "இன்னாங்க இது, ரோஸ்மில்க் மாதிரி இருக்குது" என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலையெல்லாம் சாத்தி, ஹாலை இருட்டாக்கி, பொரியும் வேர்க்கடலையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தை இல்லை. அந்தக் குறை தெரியாமல் போனது அந்தப் படங்களால்தான் என்று வேதா சொல்வாள்.

வீட்டில் இன்னொரு ஆள் அருணாவின் அப்பா சின்னசாமி. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். கண் ஆபரேஷனுக்காக வந்தவரை, தனியாக எதற்கு என்று இங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் டிவி முன்னால் உட்கார மாட்டார். படம் ஆரம்பித்தால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள்.

அருணா தவழும் வயதில் இருந்தபோது அந்தக் கிராமத்துக்கு ஷூட்டிங் வந்தது. ஒரு வாரமோ பத்து நாளோ. அவர்கள் கிளம்பிப் போன அன்று அருணாவின் அம்மா ரேணுகாம்பாளும் காணாமல் போனாள். சினிமாக்காரனோடு ஓடிவிட்டாள் என்று சின்னசாமி சொன்னார். ஊரும் அதையே சொன்னது. கல்யாண போட்டோவைக்கூட அவர் அடுப்பில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைப்பிள்ளையைத் தனியாளாக வளர்த்தார். தலை வாரிவிட்டு, பின்னல் போட்டு, சைக்கிளில் உட்காரவைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போவார். மகளை ஒரு அடி அடித்ததில்லை. அதட்டியதுகூட இல்லை. அப்படி ஒரு மனிதன் உண்டா என்று ஊரே கும்பிட்டது.

அருணாவுக்கு மட்டும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. சினிமாக்காரி பெண். ஸ்கூலில் அதே பெயர். பெண் பார்க்க வந்த இடங்களில் அதே பேச்சு. மணிவேல் கட்டிக்கொண்ட பிறகுதான் அது ஓய்ந்தது. தன் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு போட்டோவைக்கூடப் பார்த்ததில்லை.

போன ஆடி மாதம் மணிவேல் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய கேசட் வாங்கி வந்தான். எப்போதோ மூடிப்போன ஒரு வீடியோ கடையின் சரக்கு. எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நாடாவைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். பாதி ஓடவில்லை. லேபிள் கிழிந்துபோன ஒன்று ஓடியது.

ஒரு பேய்ப் படம். ஆரம்பம் இல்லை, பெயர் இல்லை. எடுத்தவுடன் ஒருத்தி வெள்ளைப் புடவையில் அலறிக்கொண்டு ஓடுகிறாள். நீலமாக ஒரு வெளிச்சம்.

"பாரு அருணா, பட்டப்பகல்ல எடுத்துட்டு ராத்திரின்னு நீலமா மாத்திருக்கான். நெழலு எப்டி விழுது பாரு" என்று மணிவேல் சிரித்தான்.

அருணா சிரிக்கவில்லை. ஓடுகிறவளுக்குப் பின்னால், வானத்தில், தூரத்தில் ஒரு மலை தெரிந்தது.

"ஏங்க... இது நம்ம மலை. எங்க ஊர்லருந்து பாத்தா இப்டித்தான் தெரியும்."

மணிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த ஊரில் எடுத்த, உலகத்தில் யாரிடமும் இல்லாத படம்! திரும்ப ஓட்டினான். வரப்பில் அந்த நடிகை ஓடுகிறாள். அவளுக்கு வலது பக்கம், தள்ளி, ஒரு பம்ப் ஷெட். அதன் பக்கத்தில் கல் கட்டிய கிணறு. டுக்... டுக்... டுக்... என்று ஆயில் இன்ஜின் ஓடும் சத்தம் படத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. கிணற்றுக்கு அந்தப் பக்கத்து வரப்பில் ஒரு பெண் நிற்கிறாள். இடுப்பில் ஒரு குழந்தை. ஷூட்டிங் பார்க்க வந்தவள்போல. கேமராக்காரன் அவளைக் கவனிக்கவே இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் காட்சி மாறிவிட்டது.

"நிறுத்துங்க" என்றாள் அருணா. "திருப்பிப் போடுங்க."

அன்று இரவு முழுக்க அந்த ஒரு துண்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் சின்னசாமி தூங்கிக்கொண்டிருந்தார். மணிவேல் செல்போனில் அந்த இடத்தைப் படம் எடுத்துக் கொடுத்தான். மறுநாள் லேபுக்கு லீவு போட்டுவிட்டு அருணா கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே அவளுடைய அத்தை இருக்கிறாள், சின்னசாமியின் அக்கா ஜோதியம்மாள்.

போனைக் கையில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோன அத்தை அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது எங்கடி கெடச்சிச்சி உனக்கு?"

"யாரு அத்தை அது?"

"யாருன்னு கேக்குறியே கண்ணு... உங்கம்மாடி. ரேணுகா. அவதான். இடுப்புல நீதான் இருக்குற. ஷூட்டிங் முடிஞ்சி கெளம்புற அன்னைக்கு, உங்கப்பன் வேணாம்னு சொல்லியும், பாக்கப் போறேன்னு போனா. அதோட போனவதான்."

"யாரு கூட போனா?"

"உங்கப்பன் சொன்னான், எவனோ லைட்டு புடிக்கிறவன் கூடன்னு."

"நீ பாத்தியா அத்தை?"

அத்தை போனைத் திருப்பி அவள் கையில் கொடுத்தாள்.

"என்னைய இடுப்புல வச்சிக்கினு போனவ, என்னைய எங்க வுட்டுட்டுப் போனா?"

"ஊட்டுலதான் இருந்த. சாயங்காலம் நான் வந்து பாக்குறேன், தூளில கெடந்து அழுவுற. உங்கப்பன் பக்கத்துல உக்காந்துக்கினு உன்னையே பாத்துக்கினு இருக்கான். தூக்கவேயில்ல. பேயறஞ்சவன் மாதிரி இருந்தான். பொண்டாட்டி போன துக்கம்னு நெனச்சேன்..."

அத்தை புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தாள். அதற்கு மேல் அருணா கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அதே காட்சி. மணிவேல் கடையிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவான். அருணா ஹாலில் தனியாக உட்கார்ந்து அதைப் போடுவாள். அம்மாவின் முகம் வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் இல்லாத முகம். மணிவேலும் தடுக்கவில்லை.

ஒரு நாள் அவள் மணிவேலை எழுப்பினாள்.

"ஏங்க, அம்மா திரும்பிப் பாக்குறா."

"இன்னா?"

"யாரோ கூப்ட மாதிரி பின்னாடி திரும்பிப் பாக்குறா. முன்ன அப்டி இல்லியே."

அவன் வந்து பார்த்தான். வரப்பில் பெண் நிற்கிறாள். காட்சி மாறுகிறது. எப்போதும்போலத்தான். நாடா தேய்ந்து இழுத்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான்.

அடுத்த நாள் அவனை எழுப்பவில்லை. எழுப்பிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அவள் மட்டும் பார்க்கும்போது அந்தக் காட்சி நீண்டது... வெள்ளைப் புடவை நடிகை ஓடிப் போய்விடுவாள். வரப்பு காலியாகிவிடும். ஆனால் படம் மாறாது. நீல வெளிச்சத்தில் அம்மா மட்டும் நிற்பாள். இன்ஜின் ஓடும். டுக்... டுக்... டுக்... பம்ப் ஷெட்டின் கதவு திறக்கும்.

ஒரு ஆள் வெளியே வருவான். தலையில் துண்டு. முகம் தெரியாது. கையில் இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில்.

அம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்வாள். ஒரு அடி... இன்னொரு அடி. அவளுக்குப் பின்னால் கிணறு. அவள் வாய் திறந்து மூடும். ஏதோ கத்துகிறாள். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆயில் இன்ஜின் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது.

அந்த ஆள் நடந்து போகிறான். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, காலை அகட்டி வைத்து...

அந்த நடையை அருணாவுக்குத் தெரியும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகும் அந்த முதுகின் பின்னால்தான் அவள் சின்ன வயது முழுவதும் நடந்தாள்.

டெக்கை நிறுத்திவிட்டாள். டிவியையும் அணைத்தாள். ஹால் இருட்டானது. இன்ஜின் சத்தம் நிற்கவில்லை.

டுக்... டுக்... டுக்... டீசல் வாடை. பாசி பிடித்த கல்லின் வாடை. தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, சத்தம் வந்த திசையில் போனாள். அப்படித்தான் அந்த நேரத்தில் அந்தக் கொல்லையில், தரையில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

கண்ணாயிரம் அந்தப் பக்கத்து ஆள்தான். அவளை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ? இந்த நேரத்துல இங்க இன்னா பண்ற?"

"சின்னசாமி பொண்ணு. இங்க ஒரு கெணறு இருந்துச்சேண்ணா?"

"அது இருந்த எடத்துலதானம்மா நீ குந்தியிருக்குற. அதைத் தூத்து எவ்ளோ காலமாச்சி. உங்கப்பாதான தூத்தாரு. நல்லா தண்ணி இருந்த கெணறு. ஊரே சொல்லிச்சி, வேணாம்டான்னு. ராவும் பகலுமா மண்ணு கொட்டி மூடினாரு. அப்புறம் மேல மல்லாட்டை வெதச்சாரு. இந்த எடத்துல மட்டும் ஒரு வருஷம்கூட செடி நின்னதில்ல."

ஆட்டோவில் பூ மூட்டைகளுக்கு நடுவே அவளை உட்காரவைத்து வேங்கிக்காலில் கொண்டுவந்து விட்டார்.

விடிந்தது. சின்னசாமி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அருணா சேறு படிந்த நைட்டியோடு வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். மணிவேல் பக்கத்தில் நின்றான். வேதாவும் அன்று அங்கேதான் இருந்தாள். அண்ணன் போன் செய்து வரவழைத்திருந்தான்.

"கெணத்தை எதுக்குப்பா தூத்த?"

"எந்தக் கெணறு?"

"நம்ம கொல்லைக் கெணறு."

"தண்ணி கம்மியாயிடுச்சி."

"ஊர்ல அப்டி சொல்லல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாம்மா, காலங்காத்தால? மூஞ்சி ஏன் இப்டி இருக்குது? போ, போய்க் குளிச்சிட்டு வா."

"நீ வந்து இதைப் பாருப்பா."

"நான் சினிமா பாக்கறதில்லன்னு தெரியாதா உனக்கு?"

"இது சினிமா இல்ல."

அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து டிவி முன்னால் உட்காரவைத்தாள். ஆபரேஷன் ஆன கண். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கேசட்டைப் போட்டாள். வெள்ளைப் புடவைக்காரி ஓடினாள். வரப்பில் பெண் நின்றாள். அந்த இடத்தில் அருணா நிறுத்தினாள். படம் அசையாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. சத்தம் இல்லை.

சின்னசாமி பார்த்தார். மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை என்றாள் வேதா. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"இன்ஜினை நிறுத்து" என்றார்.

"எந்த இன்ஜின்ப்பா?"

"யாரு இன்ஜின் போட்டது? நிறுத்துடா அதை... அவ கத்தறது கேக்கல பாரு."

 அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது பிறகுதான் புரிந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அருணா அந்தக் கதவைத் தட்டவில்லை. இடித்து உடைக்கவும் இல்லை. சமையலறை வாசலில் போய் உட்கார்ந்து, அவர் குடித்து மிச்சம் வைத்த காபி ஆறிப்போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீசுக்குப் போகலாம் என்று மணிவேல் சொன்னான். "இன்னான்னு சொல்லிப் போறது? படத்துல பாத்தேன்னா? அதுவும் எனக்கு மட்டும் தெரியுதுன்னா?" என்றாள் அருணா. அவளுக்குள்ளும் ஒரு ஆசை இருந்தது. தான் பார்த்தது பொய்யாக இருக்கக்கூடாதா என்று. இருக்கிற ஒரே அப்பா.

அன்று சாயங்காலம் சின்னசாமியே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"அந்தப் படத்தைப் போடு" என்றார்.

அதிலிருந்து தினமும் அதே பேச்சு. விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் ஹாலுக்கு வந்து உட்காருவார். சாப்பாடு வேண்டாம், மாத்திரை வேண்டாம். அந்தப் படம். போடாவிட்டால் விடமாட்டார். குழந்தை மாதிரி அழுவார். போட்டுவிட்டு இவர்கள் படுக்கப் போய்விடுவார்கள். உள்ளே இருந்து கேட்டால் அவர் பேசுவது காதில் விழும். ஒருத்தரிடம் பேசுகிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி.

"அங்கியே நில்லு... கிட்ட வராத."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும்.

"நான்தான் வளத்துட்டனே... ஒரு கொறையும் வெக்கலியே... ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு காவல் இருந்தனே. இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

மணிவேல் ஒரு தடவை கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். கிழவர் நாற்காலியை டிவிக்கு ரொம்பக் கிட்டே இழுத்துப் போட்டிருந்தார். இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். தரையில் கால் படக்கூடாது என்பதுபோல.

ஆவணி அமாவாசை கழித்து ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலேயே இருந்தார். கால் இரண்டும் மேலேதான் இருந்தன. டிவியில் படம் முடிந்து வெறும் நீலம் எரிந்துகொண்டிருந்தது. தரை காய்ந்திருந்தது. வேட்டி காய்ந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்றார். வயசானவர், சொல்வதற்கு என்ன இருக்கிறது.

ஊருக்குக் கொண்டுபோனார்கள். குளிப்பாட்டுகிற நேரம். மணிவேலும் சின்னசாமியின் பங்காளி சுப்பிரமணியும் இன்னும் இரண்டு பேரும் பெஞ்சில் கிடத்தி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, முதுகைத் துடைக்க ஒருக்களித்துத் திருப்பினார்கள்.

வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

ஊற்றிய தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் நிற்கவில்லை... குடம் சாய்ந்ததுபோல வந்துகொண்டே இருந்தது. பச்சையாக, பாசியோடு. கையில் பட்ட சுப்பிரமணி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஐஸ் மாதிரி இருந்ததாம்.

"நாம ஊத்தனது இல்லடா இது" என்றார். "கெணத்துத் தண்ணிடா."

அதற்கு மேல் யாரும் தொடமாட்டேன் என்றார்கள். மணிவேல்தான் ஒற்றை ஆளாகத் துடைத்துத் துணி கட்டினான். தெருவில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அருணா உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை.

காரியம் முடிந்த கையோடு அவள் ஜேசிபிக்குச் சொல்லிவிட்டாள். கொல்லை இப்போது அவள் பெயருக்கு வரவேண்டியது. யார் கேட்பது? பங்காளிகள் வந்து நின்றார்கள். செத்தவன் பெயரை ஏன் கெடுக்கிறாய் என்றார்கள்.

"எங்கம்மா பேரை இத்தினி வருஷமா கெடுத்தீங்களே, அப்ப யாரு வந்து கேட்டீங்க?" என்றாள். "அவ ஓடிப்போவல. இங்கதான் இருக்கா. உங்க எல்லார் முன்னாடியும் எடுத்துக் காட்டுறேன். அப்புறம் என்னைய இன்னா பேர் சொல்லிக் கூப்புடுறீங்கன்னு பாக்குறேன்."

பட்டப்பகல். நல்ல வெயில். ஊரே வரப்பில் வந்து நின்றது. ஜேசிபி தோண்டத் தோண்ட முதலில் செம்மண் வந்தது, பிறகு கருங்கல், பிறகு நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு. வேதாவும் அங்கே இருந்தாள். சேறு வந்த பிறகு மிஷினை நிறுத்திவிட்டு ஆட்களை இறக்கினார்கள்.

இரும்பு ஹேண்டில் ஒன்று வந்தது. துருப்பிடித்து, வளைந்து.

அதற்குக் கீழே எலும்புகள். புடவை நைந்துபோய்ச் சேற்றோடு ஒட்டிக் கிடந்தது. இறங்கிய ஆள் ஓவென்று கத்திவிட்டு மேலே ஏறிவிட்டான். வரப்பில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். ரேணுகா, ரேணுகா என்று பெயர் சொல்லி அழுதார்கள். ஓடிப்போனவள் என்று பேசிய அதே வாய்கள். அருணா அப்போதுதான் முதல் முறையாக அழுதாள். மணிவேலின் தோளில் சாய்ந்து, சத்தம் போட்டு, வாய்விட்டு அழுதாள். அம்மா வந்துட்டா, அம்மா வந்துட்டா என்று.

ஜோதியம்மாள் அத்தையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் குழியோரம் கொண்டுவந்தார்கள். அடையாளம் சொல்ல வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம். போலீசுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், இன்னும் வரவில்லை. சுப்பிரமணி தைரியமாக இறங்கி, புடவைத் துணியை ஒரு குச்சியால் விலக்கினார். விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெரிய எலும்புகளுக்கு நடுவே, மார்புக்கூட்டோடு ஒட்டி, இன்னொன்று இருந்தது. ரொம்பச் சின்னது. கோழி எலும்பு மாதிரி மெல்லிசாக... தேங்காய் அளவுக்கு ஒரு தலை. அம்மாவின் கை எலும்பு அதைச் சுற்றி வளைத்திருந்தது.

கூட்டத்தில் அழுகை நின்றது. டக்கென்று நின்றது என்றாள் வேதா.

சுப்பிரமணி குனிந்து எதையோ எடுத்துத் துடைத்து அத்தையிடம் நீட்டினார். குழந்தைக்குப் போடும் வெள்ளித் தண்டை. கறுத்துப்போயிருந்தது. அத்தை அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் போட்டது" என்றாள். "அருணாவுக்குப் பேரு வெச்ச அன்னைக்கு நான் வாங்கியாந்து போட்டது."

"அத்தை, ரேணுகாவுக்கு எத்தினி கொழந்தை?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"ஒண்ணுதான்" என்றாள் அத்தை. "ஒரே ஒரு பொண்ணுதான்."

 அருணா மணிவேலின் தோளிலிருந்து தலையை எடுத்தாள். மணிவேலின் கை அவள் முதுகில் இருந்தது. அது மெதுவாக, தானாகவே விலகியதை வேதா பார்த்தாள்.

அத்தை திரும்பினாள். சின்ன வயதில் அவளைத் தூக்கிக் கொஞ்சியவள், வாடி கண்ணு, போடி கண்ணு என்று கூப்பிட்டவள். அருணாவின் முகத்துக்கு நேரே வந்து நின்று, முன்பின் தெரியாத ஒருத்தரிடம் கேட்பதுபோல, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க யாரும்மா?"

அருணா குனிந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்... அவளுக்கும் அந்தக் கேள்வி அப்போதுதான் தோன்றியதுபோல.